எதுக்கும் மேட்ச் இல்லாத கிளிப்பச்சை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தையல் வகுப்பில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த தனசேகரனுடையது. செவிலிமேட்டில் மேரி தன் வீட்டு மாடியில், ஞாயிறு மதியங்களில், ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுத் தருகிறார். பூப்போட்ட துணி கூடாது. எல்லாம் வெறும் நிறங்கள். அளவுகோல் கிடையாது, மாதிரிப் படம் கிடையாது. கைபோன போக்கில் வெட்டி, இணைத்து, இணைத்ததை மறுபடி வெட்ட வேண்டும். நான் தைத்தது கோணிக்கொண்டது. தனசேகரனின் கதை கிடைத்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கோபுரங்கள் மாலை வெயிலில் பொன்னாய் மின்ன, காஞ்சிபுரத்தின் தெருக்களில்...'

(வேண்டாம். அவர் கதையில் கோபுரமே இல்லை. துணிக்கடைதான்.)

தனசேகரனும் சிவபாலனும் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார்கள். பட்டுப்புடவை எடுத்தவர்கள் ஜாக்கெட் துணிக்கு நேரே அங்கேதான் வருவார்கள். தனசேகரன் புடவையின் ஓரத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு முறை பார்ப்பார். "பாலா, மாந்துளிர்" என்று குரல் கொடுப்பார். சிவபாலன் அலமாரியிலிருந்து உருவிச் சர்ரென்று கிழிப்பார். மிளகாய்ப்பழச் சிவப்பு, வெங்காயத்தோல், மயில்கழுத்து... இன்றும் இந்தப் பெயர்களைச் சொல்லும்போது தனசேகரனின் குரல் அந்தக் கடைக்குள் போய்விடுகிறது.

பிறகு சிவபாலன், ரெடிமேட் ஜாக்கெட்டும் விற்கலாம் என்றார்.

"அப்புறம் என் கண்ணு எதுக்குபா?"

"ஊரே மாறிக்கினு போவுது. நீ உன் கண்ணையே கட்டிக்கினு அழு."

அந்தப் பேச்சோடு கடை பிரிந்தது. இடப்பக்க அலமாரியின் சிவப்பும் மஞ்சளும் தனசேகரனுக்கு. வலப்பக்கத்துப் பச்சையும் நீலமும், கடையும், சிவபாலனுக்கு.

(ஒரு நட்பு முறிய இது போதுமா என்று எனக்குச் சந்தேகம். பெரிய துரோகம் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். நான் சேர்த்தது என்று பளிச்சென்று தெரிந்தது. எடுத்துவிட்டேன்.)

3

வீட்டுப் பரணில் கிடந்த அந்தத் துணிகளைத்தான் தனசேகரன் வகுப்புக்குக் கொண்டுவந்தார். மேட்ச் பார்த்தே பழகிய கண் சும்மா இருக்கவில்லை. அரக்குக்குப் பக்கத்தில் குங்குமம், அதற்குப் பக்கத்தில் மிளகாய்ப்பழம். எல்லாம் அண்ணன் தம்பிகளாய் ஒட்டி நிற்க, போர்வை சோர்ந்து கிடந்தது.

"சார், இது யாருக்கும் ஜாக்கெட் இல்ல. சேராததைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க" என்றார் மேரி. "பச்சை இல்லையா?"

"என்னாண்ட பச்சை இல்லமா."

மேரி தன்னிடமிருந்த துண்டை நீட்டினார். தனசேகரன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நல்ல பச்சைதான். ஆனா இதுக்கு வேண்டியது கிளிப்பச்சை. அது ஒருத்தன்கிட்டதான் இருக்குது."

அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் தைக்கவே இல்லை.

4

மறு ஞாயிறு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். சிவபாலனின் கடைக்குப் போனவர், பழக்கத்தில் கல்லாப் பக்கமாக நுழையப்போன காலை இழுத்துக்கொண்டு, வாங்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றாராம். சிவபாலன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"என்ன வேணும்?"

"கிளிப்பச்சை. ஒரு மீட்டர்."

"புடவை எங்க? எதுக்கு மேட்ச்?"

"எதுக்கும் மேட்ச் இல்லபா."

சிவபாலன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தனசேகரன் பையிலிருந்த பாதிப் போர்வையை மேசைமேல் விரித்தார். சிவபாலன் அதைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம இடப்பக்க அலமாரி" என்றார்.

5

"அப்புறம் என்ன பேசுனீங்க சார்?" என்று கேட்டார் மேரி.

"அப்புறம் என்னமா. டீ சொன்னான்."

அவ்வளவுதான். ஊசியில் நூல் கோக்கக் குனிந்துவிட்டார். கிளிப்பச்சை வந்திருந்தது, கேட்டதைவிடக் கூடுதலாகவே. சிவப்புகளுக்கு நடுவே அதைக் கோணலாக வைத்துத் தைத்தார். போர்வை சட்டென்று விழித்துக்கொண்டது.

அந்த டீயை நான் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிவபாலன் அழுகிறார். ("அவனா? அழவே மாட்டான்" என்றார் தனசேகரன்.) ஒன்றில் இருவரும் மறுபடி சேர்ந்து கடையை... (இல்லை.) இன்னொன்றில் இருவரும் ஒன்றுமே பேசாமல், தெருவில் போகும் புடவைகளின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு...

இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே நம்பாமல் அடித்துவிட்டேன்.

இரண்டு டீ மேசைக்கு வந்தாயிற்று. பேச்சு நின்றுபோன ஒருவர் உங்களுக்கும் இருப்பார். அவருக்கு எதிரே உட்கார்ந்து, முதல் வார்த்தையை நீங்களே எழுதுங்கள்.