அடிக்குரல் ஒன்று தேவை

பகலில் எனக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று எழுதுவதுதான் பிழைப்பு. மனிதர்கள் எப்படியெல்லாம் நழுவுவார்கள் என்பது அதனால் எனக்கு அத்துப்படி. அந்தச் சாமர்த்தியத்தை மாலையில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குச் செலவழிப்பேன். குழுவின் செயலாளர் நான். அழைப்போ வேண்டுகோளோ, எல்லாக் கடிதமும் என் கைதான். நான் எழுதிக் கேட்டு இதுவரை யாரும் கைவிரித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இந்த வருடக் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு, எங்களைப் பாட வைக்கும் மாஸ்டர் எடுத்த பாட்டு பேஸ் குரலில் தொடங்குகிறது. ஆண்களின் குரலிலேயே அடிமட்டத்தில் ஒலிப்பது அது. முதல் நான்கு வரிகளை அந்தக் குரல் தனியாகப் பாட வேண்டும். எங்களிடம் இப்போது அந்தக் குரல் இல்லை.

"பேஸ் கிடைக்கலன்னா பாட்டையே எடுத்துடுவேன்" என்றார் மாஸ்டர். "உங்க அண்ணனைக் கூப்பிடுங்களேன்மா."

"அவன் நாற்காலி அங்கேயேதான் இருக்கு. சொந்த வீட்டுக்கு வர வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?"

அண்ணன்தான் எங்கள் பேஸ். போன வருடம் அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குணமாகிப் பல மாதம் ஆன பிறகும் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் அண்ணி காபி கொடுப்பார். அவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ம்" கொட்டுவான். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறப்பதில்லை.

அதனால் பக்கத்துச் சர்ச்சுகள் மூன்றுக்கு எழுதினேன். எங்களுக்குள் குரல்கள் கைமாறுவது சகஜம். இன்று உங்கள் ஆல்டோ பாடகி, நாளை எங்கள் ஆர்கன்காரர். ஒருவர் நழுவினாலும் இன்னொருவர் மாட்டுவார் என்றுதான் மூன்று. வர வண்டி இல்லையா, நாங்கள் அனுப்புகிறோம். பாட்டு தெரியாதா, இதோ இணைத்திருக்கிறோம். தொண்டை சரியில்லையா, வெந்நீர் தயார். 'உங்கள் குரல் இல்லாமல் எங்கள் பாட்டு தொடங்காது' என்று முடித்தேன். மூன்று இடத்திலிருந்தும் ஒரே பதில்: 'எங்கள் பேஸ் பாடகரை மகிழ்ச்சியோடு அனுப்புகிறோம்.'

கேட்டது ஒன்று, கிடைத்தது மூன்று! பதில்களை மாஸ்டர் முகத்துக்கு நேரே விசிறிக் காட்டினேன். பயிற்சி நாளன்று நானே மூன்று நாற்காலி இழுத்துப் போட்டு, மூன்று பாட்டுத்தாளும் வைத்தேன்.

கதவு திறந்தது. அண்ணன் நின்றான். கையில் என் மூன்று கடிதங்கள்.

"மூணு பேரும் வந்தாச்சு" என்றான்.

பின்வரிசையில் சோப்ரானோ பாடும் பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு சர்ச்லயும் நீதான் பாடுறியா?"

"அவங்ககிட்டயும் பேஸ் கிடையாது. கூப்பிட்டாங்க, போனேன். அவங்கவங்க என்னைத் தங்களோட ஆள்னு நினைச்சுட்டு இருக்காங்க."

"இங்க மட்டும் வர மாட்ட?"

"நீ கூப்பிட்டியா?"

"உன் இடத்துக்கு உன்னையே கூப்பிடணுமாண்ணா?"

அவன் கடிதங்களை மேசையில் வைத்தான். "எவ்வளவு அழகா எழுதியிருக்க. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு, உங்க குரல் வேணும்னு. எனக்குக் கத்தி வெச்ச தொண்டை. அங்கெல்லாம் என் பழைய குரல் யாருக்கும் தெரியாது, அதனால துணிஞ்சு பாடினேன். இங்க எல்லாருக்கும் தெரியும். 'இப்போ எப்படி இருந்தாலும் வேணும்'னு நீ ஒரு வார்த்தை சொல்லுவன்னு பார்த்துட்டே இருந்தேன்."

வீம்பு என்று நான் நினைத்தது அத்தனையும் பயம். செய்தித்தாளுக்குப் பின்னால் அவன் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

"இப்போ சொல்றேன், பாடுண்ணா."

"லெட்டர் இல்லாம பாட மாட்டேன்" என்றான். உதட்டோரம் சிரிப்பு.

தாளை இழுத்தேன். 'மதிப்பிற்குரிய' என்று கை தானாகத் தொடங்கியது, அடித்தேன். நாலு பக்கம் தடையில்லாமல் ஓடுகிற பேனா ஒரே வரிக்குத் திணறியது. 'அண்ணா, உன் குரல் வேணும். எப்படி இருந்தாலும் வேணும்.' பழக்கதோஷத்தில் கீழே 'செயலாளர்' என்று போட்டேன்.

அவன் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். 'தங்கச்சி' என்று எழுதினேன்.

அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான் போட்ட மூன்று நாற்காலிகளையும் தாண்டிப் போய், ஜன்னலோரம் இருந்த தன் பழைய நாற்காலியின் முன்னால் நின்றான். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

குரல் பழையது இல்லை. முன்பைவிடக் கரகரப்பு, இரண்டாம் வரியில் ஓரிடத்தில் பிசிறியது. அண்ணன் சட்டென்று என்னைப் பார்த்தான். வேணும் என்று தலையசைத்தேன். அவன் மூன்றாம் வரிக்குப் போனான்.