காற்று முழுவதும்

அந்த ஊரில் காற்று வீசுவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு நின்றது. நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில், குத்தகைப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலைவர் பேனாவை மூடிய நேரமும் அதுதான். ஜன்னல்கள் திறந்திருந்தன. பேப்பர் வெயிட்டை எடுத்த பிறகும் தாள்கள் அசையாமல் கிடந்ததை அறையில் இருந்த ஐந்து பேரும் கவனிக்கவில்லை. பத்திரத்தை எழுதியவளும் கவனிக்கவில்லை. மேஜையின் கடைசியில் உட்கார்ந்து, இவ்வளவு தெளிவான பத்திரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று கம்பெனி அதிகாரி சொன்னதைக் கேட்டு அவள் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வக்கீல். ஒன்பது வருடம் கீழ்க்கோர்ட்டில் மதில்சுவர் வழக்கும் பாகப்பிரிவினை வழக்கும் நடத்திச் சலித்து, முப்பத்து நாலாவது வயதில் சுரங்க, எரிசக்திச் சட்டத்தில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள்; அண்ணனோடு இருந்தாள். அண்ணன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. கீழே அவருடைய லாண்டரி, நடுவில் வீடு, மேலே மொட்டை மாடியில் பதினாறு கொடிக்கயிறுகள். ஊரின் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நாலு லாட்ஜுகளுக்கும் படுக்கை விரிப்புகள் அந்த மாடியிலிருந்துதான் உலர்ந்து போயின. இந்த வயதில் இனி என்ன படிப்பு என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தபோது, அவள் மதில்சுவரையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள், மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் கொஞ்சம் பார்த்துவிட்டு வரட்டும் என்றார் அண்ணன்.

வகுப்பு வாரத்தில் மூன்று நாள், பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில், பூமியின் குறுக்குவெட்டுப் படம் தொங்கிய ஓர் அறையில் நடந்தது. மாணவர்கள் பதினோரு பேர். எட்டுப் பேர் சுரங்கத்திலிருந்தும் மின்வாரியத்திலிருந்தும் அலுவலகமே அனுப்பிவைத்த அதிகாரிகள். அவர்களில் ஒருவர் சுரங்கப் பாதுகாப்புப் பாடம் முழுக்கத் தூங்கி, வருகைப் பதிவேடு தன்னிடம் வரும்போது மட்டும் விழித்தார். முதல் வருடம் சுரங்கம். நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியில் உள்ளது இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம் என்று அவள் படித்தாள். தோண்டி முடித்தவன் மேல்மண்ணைத் திரும்பப் போட்டு மூட வேண்டும் என்று படித்தாள். ‘அல்லது’ என்ற ஒரு சொல்லுக்காக ஒரு குன்று பதினான்கு வருடம் கோர்ட்டில் நின்ற கதையைப் படித்தாள். ரயிலில் போகும்போதும் வரும்போதும் மடியில் புத்தகம்தான். இரண்டாம் வருடம் எரிசக்தி. மண்ணுக்குள் இருப்பதற்குச் சட்டம் இருக்கிறது, மண்ணின் மேல் போகும் காற்றுக்கு ஏன் உரிமையாளர் இல்லை என்ற கேள்வி அங்கேதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அதையே ஆய்வேடாக எழுதினாள். ஊர் எல்லைக்குள் வீசும் காற்று அந்த ஊரின் உள்ளாட்சிக்குச் சொந்தம், அதைக் குத்தகைக்கு விடலாம் என்பது அவள் வாதம். கடைசியில் ஒரு மாதிரிப் பத்திரமும் இணைத்திருந்தாள். அதன் நாலாவது பிரிவு: ‘எல்லைக்குள், தரையிலிருந்து இருநூறு மீட்டர் உயரம் வரை, இயற்கையாக வீசும் காற்று முழுவதும் குத்தகைதாரருக்கு உரியது.’

பேராசிரியர் ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

“இந்த ‘முழுவதும்’ எதுக்கும்மா?”

“அது இல்லாட்டி வாக்கியம் மொட்டையா நிக்குது, சார்.”

“நிக்கட்டுமே. பத்திரத்துல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வேலை இருக்கணும். வேலை குடுக்காம ஒண்ணை உக்கார வெச்சா, அது தானா ஒரு வேலையைத் தேடிக்கும்.”

அவள் விடவில்லை. மூன்று தீர்ப்புகளை எடுத்துக்காட்டி அரைமணி நேரம் வாதாடினாள். வாதம் நன்றாக இருந்ததால் பேராசிரியர் சிரித்துவிட்டு, அந்த வருடத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணைப் போட்டார். ஆனால் வட்டத்தை அவர் அழிக்கவில்லை. பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ரப்பரை எடுத்து அவளேதான் அழித்தாள்.

படிப்பு முடிந்த வருடமே, ஊரின் வடக்கில் இருந்த குன்றில் காற்றாலைகள் வைக்க வந்த கம்பெனி அவளைச் சட்ட அதிகாரியாக எடுத்துக்கொண்டது. முப்பது வருடக் குத்தகை. பத்திரத்தை அவள் புதிதாக எழுதவில்லை. ஆய்வேட்டில் இருந்ததையே ஊர்ப் பெயர் போட்டுக் கொடுத்தாள்.

காற்று அந்தப் பத்திரத்தை எப்படிப் படித்தது என்று யாரும் ஆராயவில்லை. ஊரெல்லைக்குள் வந்த காற்று நேராகக் குன்றுக்குப் போய், பின்னர் அங்கே எழுந்த முப்பத்திரண்டு காற்றாலைகளையும் சுழற்றிவிட்டு அந்தப் பக்கம் வெளியேறியது. ஊருக்குள் மூச்சு விடுவதில் சிரமம் ஏதும் இல்லை. காற்று இருந்தது, வீசவில்லை, அவ்வளவுதான். மின்விசிறிகள் வேலை செய்தன, ஏனென்றால் அது இயற்கையாக வீசுவது இல்லை. இருநூறு மீட்டருக்கு மேலே மேகங்கள் வழக்கம்போல் போய்வந்தன; மழை நூல் பிடித்தாற்போல் நேராக விழுந்ததால் தோள் அகலத்துக்குக் குடை இருந்தால் போதும் என்றானது. இலைகள் உதிர்ந்த கிளைக்கு நேர் கீழே குவிந்தன. தெருவை வாரம் ஒருமுறை பெருக்கினால் போதும் என்பதில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மகிழ்ச்சி. பேக்கரி வாசலில் ரொட்டி மணம் ஓர் அறை போல நின்றது; மக்கள் அதற்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். மீன் கடைக்கு அடுத்த வீட்டுக்காரர் மட்டும் வீட்டை விற்றுவிட்டுப் போனார். மின்விசிறி விலை அந்தக் கோடையில் மூன்று முறை ஏறியது.

மூன்றாம் நாள் அவள் பத்திரத்தின் நகலை எடுத்துப் படித்தாள். நாலாவது பிரிவுக்கு வந்ததும் புரிந்துவிட்டது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இது தானாகச் சரியாகிவிடும் என்று முதல் மாதம் நினைத்தாள். அதன் பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இனி எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

அந்த இரண்டு வருடமும் அண்ணனின் கொடிகளில் விரிப்புகள் இஸ்திரி போட்ட சுவர் மாதிரி அசையாமல் தொங்கின. வெயிலில் மேல்புறம் காய்ந்தது, மடிப்பில் ஈரம் நின்றது. கடைக்குள் ஆறு மின்விசிறிகளை வைத்துப் பார்த்தார். ஊரில் யாருக்கும் துணி சரியாகக் காயவில்லை என்றாலும் வீட்டுத் துணியை யாரும் திருப்பி அனுப்புவதில்லை, ஆஸ்பத்திரி அனுப்பியது. முதலில் வாரத்துக்கு ஒரு கட்டு வந்தது, பிறகு தினமும் வந்தது. சாப்பிடும்போது, என்ன செய்வதென்றே தெரியவில்லை, சோப்பை மாற்றிப் பார்க்கிறேன் என்பார் தங்கையிடம். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, மாற்றிப் பாருங்கள் என்பாள்.

ஒருநாள் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. ஈர விரிப்புகளைச் சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு குன்றுக்குப் போய், காற்றாலை வேலிக்கு வெளியே மரத்துக்கு மரம் கயிறு கட்டினார். பதினோரு நிமிடத்தில் காய்ந்தன. மூன்று வாரம் அவர் இளைஞனைப் போல மாடிப்படி ஏறினார். ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் விரிப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டியதை இரண்டு முறை விவரித்தார்.

நாலாவது வாரம் கம்பெனி அலுவலகத்தில் அவள் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. குத்தகைக்கு விடப்பட்ட காற்றை அனுமதியின்றிப் பயன்படுத்தியது குறித்து. இணைப்பில் ஒரு புகைப்படம்: மரங்களுக்கு நடுவே பாய்மரம் போலப் புடைத்த வெள்ளை விரிப்புகள், ஓரத்தில் ஆஸ்பத்திரியின் பச்சைக் கோடு. வேனின் எண் தெளிவாகத் தெரிந்தது. அவள் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டாள். ஏன் போட்டாள் என்பதற்கு அதன்பிறகு வாழ்நாள் முழுக்கக் காரணம் தேடினாள். கிடைத்த காரணங்கள் நன்றாகத்தான் இருந்தன: சட்டம் எல்லோருக்கும் ஒன்று, அவள் போடாவிட்டால் இன்னொருவர் போடுவார், தபால் போவதற்குள் வீட்டில் பேசித் தடுத்துவிடலாம். எதுவும் போதவில்லை. வீட்டில் அவள் பேசவும் இல்லை.

தபால் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அண்ணன் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்துவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு எடுத்து வந்தார்.

“உன் பேரு போட்டிருக்கு. கையெழுத்தும் உன்னுது மாதிரியே இருக்கு.”

“என்னுதுதான், அண்ணா.”

“நம்ம ஷீட்டுன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

அவர் நோட்டீஸை அதன் மடிப்பிலேயே திரும்ப மடித்தார். அப்போதுதான் அவள் உள்ளே போய்ப் பத்திரத்தைக் கொண்டுவந்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். பென்சில் வட்டத்தையும் ரப்பரையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, எந்த வார்த்தை என்று கேட்டார். அவள் தொட்டுக் காட்டினாள். அவர் விரலால் அதை மறைத்துக்கொண்டு வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

“இது இல்லாமலே சரியாத்தானே இருக்கு,” என்றார். பிறகு, “கஞ்சி ஜாஸ்தி போட்டுட்டம்மா.”

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவள் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவர் குன்றுக்குப் போய்க் கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் லாண்டரியை மூடினார். ஆஸ்பத்திரி, துணி உலர்த்தும் இயந்திரம் வைத்திருந்த வெளியூர்க்காரர்களுக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, அண்ணனைத் துணிக் கிடங்கில் உட்கார வைத்தது. அடுத்தவர் வெளுத்த விரிப்புகளை வாங்கி அடுக்கிவைப்பது வேலை. விரிப்பைக் கையில் வாங்கியதும் ஓரத்தை விரலால் நெருடிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அவள் வேலையை விட்டாள். பத்திரத்தைத் திருத்தக் கோரி ஊர் மக்களின் சார்பில் வழக்குப் போட்டாள். வழக்கு ஏழு வருடம் நடந்தது. கம்பெனிக்காக வந்த இளம் வக்கீல் அதே படிப்பை அதே அறையில் படித்தவன். அவளுடைய ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாக அவளுக்கு எதிராகவே வாசித்தான், மரியாதையோடுதான் வாசித்தான். சொல் தெளிவாக இருக்கிறது, எழுதியவரே அதை மறுக்க முடியாது, மேலும் காற்றே ஆட்சேபணை ஏதுமின்றிப் பத்திரத்தைப் பின்பற்றி வரும் நிலையில் நீதிமன்றம் தலையிடுவதற்கில்லை என்று தீர்ப்பு வந்தது. அன்று ஓய்வுபெற்ற பேராசிரியர் கைத்தடியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் அவளைப் பார்த்ததும், “நான் பென்சில்ல வட்டம் போட்டேன். பேனாவால போட்டிருக்கணும்,” என்றார். அவர் படி இறங்கும்வரை அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தது அண்ணன்தான். வேறொரு வேலையாகத் தெற்குச் சாலையில் பஸ்ஸில் போனபோது, ஐந்தாவது கிலோமீட்டரில் இருந்த சர்வே கல்லைத் தாண்டியதும் சாலையோரப் புல் சாய்ந்து ஆடுவதைப் பார்த்தார். உடனே இறங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு போனார். கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒன்றும் இல்லை. ஓரடி எடுத்து வைத்தால் சட்டைக்குள் காற்று புகுந்தது. அவர் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிவிட்டு மதகுச் சுவரில் உட்கார்ந்தார். அதுமுதல் ஞாயிறு தவறவில்லை. மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ஒருவர் டீக்கடை போட்டார். நகராட்சி இரண்டு பெஞ்சு போட்டது. கண்டக்டர்கள் அந்த இடத்தைக் காத்து ஸ்டாப் என்றே கூவினார்கள். குத்தகையின் பதினேழாம் வருடம் ஒருமுறை அண்ணன் அங்கே உட்கார்ந்து கேட்டார்:

“இன்னும் எத்தனை வருஷம் பாக்கி?”

“பதிமூணு.”

“நீ பார்ப்ப,” என்றார், ரயில் நேரம் சொல்வதைப் போல.

பத்தொன்பதாம் வருடம் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. கடைசி வாரத்தில் தெற்குச் சாலைக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போக அவள் டாக்டரிடம் மன்றாடினாள். வெளியே எடுத்தால் தாங்காது என்றார்கள். நர்ஸ் இரக்கப்பட்டு மின்விசிறியை ஐந்தாம் எண்ணில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, சத்தம் ஜாஸ்தியா இருக்கு, குறைச்சிடு என்றார். அவள் குறைத்தாள். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது.

இருபத்தேழாம் வருடம் கம்பெனி குத்தகையை இன்னும் முப்பது வருடம் நீட்டிக்கக் கேட்டது. நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் ஒரு மணி நேரத்தில் ஒருமனதாக நிறைவேறியது. உறுப்பினர்களில் மூன்று பேர் காற்று நின்ற பிறகு பிறந்தவர்கள். ஊருக்குள் காற்று அடித்தால் கடைப் பலகைகளும் கூரைத் தகடுகளும் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள். பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் ஆட்சேபணையை நாலு பக்கத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று வீட்டுக்கு நடந்து வரும்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். பார்ப்பாள் என்று சொன்னவர் இல்லாத ஊரில் தனியாக நின்று காற்று திரும்பி வருவதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையும் காத்து ஸ்டாப்பில் நல்ல கூட்டம். அவளுக்கு அறுபத்து நாலு வயது; பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். ஊரிலிருந்து வந்த பஸ்ஸில் ஓர் இளம் தம்பதி நாலு மாதக் குழந்தையோடு இறங்கி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். குழந்தையை வெளியே கொண்டுவருவது அதுதான் முதல் தடவையாம். காற்று முகத்தில் பட்டதும் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகளை விரித்து, பிறகு வீறிட்டு அழுதது. தாய் அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

“ஒண்ணும் இல்லடா, காத்துதான். வெறும் காத்து.”

வக்கீல் அந்தச் சின்னத் தலையில் முடி எழுந்து விழுவதைப் பார்த்தாள். பிறகு, தான் காற்றுக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றவே, எழுந்து பெஞ்சின் மறுபக்கத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.