லூலிங்கைச் சுற்றிக்கொண்டு ஒரு வழி

டெல்வின் சமையலறை மேசையில் டெக்சஸ் வரைபடத்தை விரித்துப் போட்டு, சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மனைவி நெல்டாவோடு காரில் கிளம்பி, புகையில் வாட்டிய மாட்டுக்கறிக் கடைகளாகப் பார்த்துத் தின்றுகொண்டே போவதாகத் திட்டம். கோடு லாக்ஹார்ட்டிலிருந்து ஒழுங்காகத் தெற்கே இறங்கியது. லூலிங் ஊர் நெருங்கியதும் பாம்பைக் கண்டதுபோல் விலகி, காடு மேடெல்லாம் சுற்றிக்கொண்டு கொன்சாலஸ் போய்ச் சேர்ந்தது.

"லூலிங்ல என்ன, காலராவா?" என்றாள் நெல்டா.

"அங்க ரோடு சரியில்ல."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. உன் தம்பி அங்க இருக்கான், அதான் விஷயம்."

அதேதான். தம்பி ஆர்லன் லூலிங்கில் கறிக்கடை திறந்த அன்று, அவன் வெட்டிக் கொடுத்த முதல் துண்டின் மேல் டெல்வின் ஊரே பார்க்கத் தன் கோட்டுப் பையிலிருந்த சாஸ் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான். கறி வாயில் வைக்க விளங்கவில்லை என்றால்தான் அந்தப் பக்கத்தில் சாஸைத் தொடுவார்கள். பழக்கதோஷம் என்று டெல்வின் இன்றுவரை சாதிக்கிறான். ஆர்லன் அன்றோடு பேச்சை நிறுத்தினான். அண்ணனும் வீராப்பாக இருந்துவிட்டான். தம்பி வராத கிறிஸ்துமஸ் ஒவ்வொன்றும் அவனுக்கு உப்புச்சப்பில்லாமல்தான் போயிற்று. அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவானா என்ன?

"அவனுக்குப் போன் போடு. இல்லன்னா நான் வரல. நீயே தனியாப் போய்த் தின்னுட்டு வா" என்றாள் நெல்டா.

போட்டான்.

"யாரு?"

"நான்தான்டா, டெல்வின். சனிக்கிழமை அந்தப் பக்கம் வர்றோம். கொஞ்சம் கறி எடுத்து வைக்கிறியா?"

"கவர்னரே வந்தாலும் எடுத்து வைக்கிறதில்ல. வரிசைல நிக்கணும்."

"சரிடா, நிக்கிறேன்."

"எங்க நிக்கிறது? சோம்பேறிப் பய, நீ எழுந்து வர்றதுக்குள்ள எல்லாம் தீந்துபோயிடும்."

டெல்வினின் முகம் தொங்கிவிட்டது. போனை வைக்கப் போனான். அந்தப் பக்கம் ஆர்லன் தொண்டையைச் செருமினான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துடு. அடுப்பப் பாத்துக்க ஆள் வேணும். விடிய விடிய விறகு தள்ளணும். தூங்கினா கொன்னுடுவேன்."

கறி வாட்டுகிறவன் பெண்டாட்டியைக்கூடத் தன் அடுப்பை நெருங்க விடமாட்டான். டெல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன சொன்னான்?" என்றாள் நெல்டா.

"சோம்பேறிப் பயன்னு திட்டினான்" என்றான் டெல்வின், வாயெல்லாம் பல்லாக. கார் சாவி அதற்குள் கைக்கு வந்திருந்தது. "கிளம்பு, கிளம்பு."

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைடா" என்றாள் நெல்டா.