போக வேண்டிய பத்துப் பேர்

1

இந்தக் கதை எனக்குப் போத்தனூர் ஸ்டேஷனில் ஓசியில் கிடைத்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் போனில் யாரிடமோ, "வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டியாந்து சோறு போட நான் வேணும், அங்க போறதுக்கு மட்டும் நான் வேண்டாமுங்களா?" என்று கத்தினாள். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள். பெயரும் ஊரும் நான் கொடுத்தவை: தேஜஸ்ரீ, இருபத்து நான்கு வயது, பீளமேடு.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: "போலந்திலிருந்து வந்த அந்த நீலக்கண் இளைஞன் தேஜஸ்ரீயைப் பார்த்த கணத்தில்—"

அடித்துவிட்டேன். குடும்ப நாவல் எழுதிப் பழகிய கை, சொல்லாமலே மாப்பிள்ளை தேடுகிறது.

2

விஷயம் இதுதான். போலந்திலிருந்து பத்து இளைஞர்கள் கோவைக்கு வந்து, பத்து வீடுகளில் தங்கி, இங்குள்ள பத்துப் பேரோடு சேர்ந்து மதுக்கரைப் பக்கம் ஒரு குளக்கரையைச் சுத்தம் செய்து மரம் நட வேண்டும். அடுத்த மாதம் இந்தப் பத்துப் பேரும் அங்கே போய் ஓர் ஆற்றங்கரையில் வேலை செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் நடந்தால்தான் அது பரிமாற்றம். ஒரு வருடமாக உட்கார்ந்து திட்டம் போட்டவள் தேஜஸ்ரீ. யாருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் வீட்டில் தங்கியவள் ஜோஃபியா. (பெண்தான். நீங்களும் மாப்பிள்ளை ஆசையை விட்டுவிடுங்கள்.) தேஜஸ்ரீயின் அப்பா வெங்கடபதி, ஸ்பின்னிங் மில் முதலாளி, ஜோஃபியாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து, "போய்ச் சுத்திட்டு வா கண்ணு" என்று அனுப்பினார். வருகிறவர்களிடமெல்லாம், "தன்னந்தனியா இத்தனை தூரம் வந்திருக்குதுங்க. என்ன தைரியம்! நம்ம பொண்ணு மாதிரிதானுங்க" என்று பெருமைப்பட்டார்.

அதே வாயால் ஒருநாள் காலை டிபனின்போது சொன்னார்: "அம்மணி, அங்க போறதுக்கு உன் பேரை எடுத்துப்போட்டு ரித்விக் பேரைப் போட்டுரு."

ரித்விக் அவருடைய தம்பி மகன். குளத்துக்கு ஒரே ஒரு நாள் வந்தான். செல்ஃபி எடுத்துக்கொண்டு போனான்.

"ஏனுங்க நைனா?"*

"பொம்பளைப் புள்ளை. அவ்வளவு தூரம் எப்படி..."

"ஜோஃபியா என்ன, ஆம்பளைங்களா?"

"அது அவங்க ஊட்டுப் புள்ளை."

"நேத்து வரைக்கும் நம்ம பொண்ணு மாதிரின்னீங்க?"

வெங்கடபதி ஜோஃபியாவின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.

* இவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்கு அதில் 'நைனா'வுக்கு மேல் வராது. அதனால் கொங்குத் தமிழில் சண்டை போடுகிறார்கள்.

3

முடிவு, முதல் வரைவு: ஜோஃபியா கைகூப்பி, திக்கித் திக்கித் தமிழில், "அப்பா, அனுப்புங்க" என்கிறாள். வெங்கடபதி கண் கலங்கி—

என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். தேஜஸ்ரீக்குப் பிடிக்கவில்லை.

"அவ கெஞ்சி நான் போகோணுமாக்கும்? அடுத்த தடவைக்குக் கெஞ்ச எந்த நாட்டுல இருந்துங்க ஆள் புடிக்கிறது?"

இரண்டாம் வரைவு: யாரிடமும் சொல்லாமல் பெட்டியோடு கிளம்பி—

"திருடியாட்டவா? நான் போட்ட திட்டமுங்க அது."

சரி தாயே. நீயே நட.

4

வழியனுப்பு விழா. விருந்தாளியைச் சிறப்பாகக் கவனித்தவர் என்று மேடையில் வெங்கடபதிக்குச் சால்வை போர்த்துகிறார்கள். மைக் தேஜஸ்ரீயிடம். அடுத்த மாதம் போலந்து போகிறவர்களை ஒவ்வொருவராக அறிவிக்கிறாள். ஒன்பது பெயர்கள் ஆயிற்று. முன்வரிசையில் ரித்விக் காலரைச் சரிசெய்துகொள்கிறான்.

சொன்னால் வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் நடக்கப்போவதும் தெரியும்: ஒன்றுமே நடக்காது. இனி எப்போதும்.

"பத்தாவது, தேஜஸ்ரீ வெங்கடபதி."

கூட்டம் தட்டியது. ஜோஃபியா விசிலடித்தாள். தேஜஸ்ரீ மெல்லத் திரும்பி அப்பாவின் முகத்தை—

இல்லை. என் நாவல்களில் பெண்கள் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். இவள் பார்க்கமாட்டேன் என்கிறாள்.

"சாப்பாடு ரெடிங்க. எல்லாரும் வாங்க" என்று சொல்லி மைக்கை அணைத்தாள்.

வெங்கடபதியின் கைகள் சால்வைக்குள் இருக்கின்றன. அவை வெளியே வந்து தட்டினவா என்று கேட்காதீர்கள், நான் எழுதப்போவதில்லை. மனசு கேட்காதவர்கள் தட்ட வைத்துக்கொள்ளுங்கள், அவரும் மோசமான மனிதர் இல்லை. ஆனால் அவர் தட்டினாலும் தட்டாவிட்டாலும் போகிறவர்கள் அந்தப் பத்துப் பேர்தான். அதில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள்.