ரெண்டு சக்கரம் பெயின்ட், ரெண்டு சக்கரம் பவுடர்

ஆவுடைநாயகம் பிள்ளை பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனால் காயைப் பார்க்கமாட்டார், தராசு முள்ளைத்தான் பார்ப்பார். அவருக்குப் போய் மருமகளாக வாய்த்தாள் விஜயஸ்ரீ. மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, இரும்புச் சாமான்களில் வண்ணப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங் பட்டறை நடத்திக்கொண்டிருந்தாள்.

"மாவைத் தூவி அடுப்புல வேக வைக்கியாம்லா? பட்டறையா, பணியாரக் கடையாட்டி அது?" என்பார் மாமனார். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். விஜயஸ்ரீயும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் எரியும்.

இரண்டு வருஷமாகப் பட்டறைக்கு வந்ததெல்லாம் கல்யாணச் சீர் பீரோக்களும் கட்டில்களும்தான். ஆவணி, தை என்றால் மூச்சு விட நேரமிருக்காது. ஆடியில் ஈ ஓட்ட வேண்டும். கார், வேன் சக்கரங்கள் வந்தால் வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்று கணக்குப் போட்டு ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டில் போய்க் கேட்டாள். "மொதல்ல ஒங்க வீட்டு வண்டிக்குப் பூசிக் காட்டுங்கம்மா" என்றார்கள் டிரைவர்கள். அதில் அவள் என்ன குறை சொல்ல முடியும்? வீட்டு அம்பாசடருக்கு இருபது வருஷமாகப் பெயின்டர் சேக் முகம்மதுதான் கை வைக்கிறார்.

தொண்ணூற்றேழு சித்திரையில் அம்பாசடரின் சக்கரங்களில் துரு கண்டது. சாப்பாட்டு நேரத்தில் விஜயஸ்ரீ பேச்சை எடுத்தாள்.

"மாமா, பெயின்ட் அடிச்சா கல்லு பட்ட எடத்துல பேந்துரும். பவுடரு சூட்டுல உருகி இரும்போட ஒட்டிக்கிடும். ஒரு தடவை குடுத்துப் பாருங்களேன்."

"பேந்தா சேக்கு வந்து தொட்டு விட்டுருவாரு. ஒன் பவுடரு பேந்தா?"

பவுடர் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, முழுசாகச் சுரண்டி எடுத்து மறுபடியும் பூச வேண்டும். அதை மறைக்காமல் சொன்னாள்.

மாமனார் கையைக் கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "இடப்பக்கம் ரெண்டும் சேக்குக்கு, வலப்பக்கம் ரெண்டும் ஒனக்கு. ரெண்டும் ஒரே தந்தக் கலரா இருக்கணும். குலசை தசரா முடிய ஓட்டிப் பாப்போம். நீ செயிச்சா டாக்ஸி ஸ்டாண்டுக்கு நானே வந்து சொல்லுதேன். தோத்தா பட்டறையப் பூட்டிட்டு, நான் சொன்ன பாலிடெக்னிக் வேலையில போய்ச் சேரணும். சம்மதமா?"

புருஷன் கார்த்திகேசன் தலையை நிமிர்த்தாமல் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தான். விஜயஸ்ரீ சம்மதம் என்றாள்.

சேக் முகம்மது துருவைத் தேய்த்து, செங்காவி நிற ரெட் ஆக்சைடு முதல் பூச்சு கொடுத்து, அதன்மேல் இரண்டு கை தந்த நிறம் அடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. விஜயஸ்ரீ வெறும் இரும்பு பளபளக்கும்வரை காற்றழுத்தத்தில் மணலடித்து, நேராகப் பவுடரைத் தூவி அடுப்பில் ஏற்றினாள்.

ஆறு மாதம் வண்டி ஓடியது. கல்லிடைக்குறிச்சி வாழைத்தோப்புச் சரளைப் பாதை, மாஞ்சோலைக்கு இரண்டு நடை, கடைசியாகத் தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்துக் கடற்கரை மணல். ஆவுடைநாயகம் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. இடையில் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. மாமனாரே பார்க்காதபோது தான் பார்ப்பது சரியில்லை என்று விஜயஸ்ரீயும் கட்டுப்பாடாக இருந்தாள்.

குலசையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை டிரைவர் சொரிமுத்து வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தான். சேக் முகம்மதையும் வரச்சொல்லி ஆள் போயிருந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். இடப்பக்கம் இரண்டு சக்கரமும் புத்தம் புதுசு. வலப்பக்கம் விளிம்பெல்லாம் பொத்தல் பொத்தலாகப் பெயர்ந்து கிடந்தது.

"சோலி முடிஞ்சிட்டு" என்றார். "பெயின்டுதான் நின்னுருக்கு."

விஜயஸ்ரீ நின்ற இடத்திலேயே யோசித்தாள். எந்த இடத்தில் தப்பு விட்டோம்? மணல் சரியாக அடிக்கவில்லையா, சூடு போதவில்லையா? பூட்டப்போகும் கொட்டகை கண்ணுக்குள் வந்து நின்றது.

சேக் முகம்மது மட்டும் வலப்பக்கச் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். எழுந்து போய் இடப்பக்கத்தையும் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பேந்து கெடக்கது என் வேலை."

"என்னவே சொல்லுதீரு? ஒம்ம பக்கம் இடப்பக்கம்லா?"

"பக்கத்த நான் கண்டேனா? பேந்த எடத்துல செவப்பு தெரியுது பாருங்க. அது நான் வச்ச ரெட் ஆக்சைடு. புள்ள வெறும் இரும்புல பூசினவ, அவளுக்கு ஏது செவப்பு?"

எல்லாரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அய்யாதான சொல்லியிருக்கிய, குலசை போய்ட்டு வந்தா மறுநா விடியக்காலம் டயர இடம் வலமா மாத்திப் பூட்டணும்னு. பத்து வருசமா மாத்துதேன். இன்னைக்கும் மாத்திட்டேன்."

சக்கரத்தோடு சேர்த்துத்தானே டயரை மாற்றுவார்கள்! டயர் ஒரு பக்கமாகத் தேயக்கூடாது என்று ஓவர்சியர் தாமே போட்ட சட்டம், ஓவர்சியரையே கவிழ்த்துவிட்டது. சேக் முகம்மதுதான் முதலில் சிரித்தார். "ஒரு வார்த்த பேசாம இருந்திருந்தா நான் செயிச்சிருப்பேன்" என்றார். விஜயஸ்ரீ அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாமனார் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "ஏலே, வண்டிய எடு. விஜயா, நீயும் ஏறு" என்றார்.

டாக்ஸி ஸ்டாண்டில் இறங்கி, பத்துப் பன்னிரண்டு டிரைவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னதையும், பெயின்டர் வந்து திருத்தியதையும்கூட விடவில்லை. "தப்பு என் பேர்லதான். எம் மருமவ வேலை சுத்தமான வேலை" என்று தெருவே கேட்கச் சொன்னார். வீட்டில் ஒரு தடவைகூடத் 'தப்பு' என்று அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை.

காலையில் அடக்கிவைத்த அழுகையெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த விஜயஸ்ரீக்கு இப்போது வந்தது. அதற்குள் ஒரு டிரைவர் ஜன்னலில் குனிந்து, "எப்பம்மா சக்கரத்தக் கழட்டிக் கொண்டாரட்டும்?" என்று கேட்டார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கெழம வாங்க அண்ணாச்சி, டயரக் கழட்டிட்டு வாங்க" என்றாள்.