வால்நட்சத்திரத்துக்கு வந்த நோட்டீஸ்

ஆடி மாதம் நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் தென்காசியில் ஹுஸ்னாவின் மொட்டைமாடிக்கு மேலே ஒரு வால்நட்சத்திரம் வந்து நின்றது. தலை மாட்டுவண்டிச் சக்கரம் அளவு இருந்தது. வால் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நீண்டது. சாம்பல் நிறம், ஓரங்களில் மட்டும் லேசான பச்சை. துணிக்கொடிக்கு இரண்டு ஆள் உயரம் மேலே நின்றதால் யாருக்கும் இடைஞ்சலில்லை. அதிலிருந்து குளிர் இறங்கியது, கூடவே நாற்றமும் இறங்கியது. அழுகிய முட்டையும் குதிரை லாயமும் சேர்ந்த நாற்றம். வால்நட்சத்திரங்கள் அப்படித்தான் நாறும், அருகே போன விண்கலம் ஒன்று அதை அளந்தே சொல்லியிருக்கிறது. இது ஹுஸ்னாவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. பெரிய தொலைநோக்கிகளில் பார்த்தவர்கள், அது வியாழனைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் சொன்னார்கள். அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது.

ஹுஸ்னாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். கணவன் யஹ்யா தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். ஆறு வருடமாக அவள் தினமும் மத்தியானச் சமையலை முடித்த கையோடு லேப்டாப்பைத் திறந்து, சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் விண்கலம் அனுப்புகிற படங்களை வரிசையாகப் பார்த்துவந்தாள். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நகரும் புள்ளி கிடைத்தால் அது வால்நட்சத்திரமாக இருக்கலாம். அவள் பார்த்த பதினான்கு புள்ளிகளையும் உலகத்தில் வேறு யாரோ சில மணி நேரம் முன்னால் பார்த்திருந்தார்கள். பதினைந்தாவதை யாரும் பார்த்திருக்கவில்லை. அதன் பாதையைப் பத்தொன்பது பக்கங்களுக்குக் கணக்குப் போட்டாள். அது நம் சூரியனைச் சேர்ந்ததே இல்லை, வேறு ஏதோ நட்சத்திரத்தின் வீட்டிலிருந்து வந்தது என்று விடை வந்தது. அப்படி வந்து அகப்பட்டவை இதுவரை விரல்விட்டு எண்ணும் அளவுதான். விடை பெரிதாக இருந்ததால் அவளுக்குப் பயம் வந்தது. இன்னொரு கண் பார்க்கட்டும் என்று, ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவர் ஜெகதீஸ்வரனிடம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது கேமராவுல விழுந்த தூசிம்மா. இதுக்குப்போயி மெனக்கெடுதீங்களே" என்றார். ஹுஸ்னா நம்பினாள். மூன்று வாரம் கழித்து, வேறொரு விண்மீன் குடும்பத்து வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த தமிழர் என்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஜெகதீஸ்வரனின் படம் வந்தது. படத்தில் அவர் கையில் சில தாள்கள் இருந்தன. ஹுஸ்னா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அவளுடைய நோட்டின் ஜெராக்ஸ். ஏழாம் பக்கத்தில் அவள் அடித்துத் திருத்தியிருந்த எண்கூட அடித்தல் மாறாமல் இருந்தது.

யஹ்யா போனில், "விட்டுரு புள்ள. பெரிய எடத்து ஆளு, நமக்கு எதுக்கு" என்றான்.

"மச்சான், ஒங்க பாஸ்போர்ட்டுல வேற ஒருத்தன் போட்டோவ ஒட்டிட்டுப் போனா விட்டுருவீகளா?"

"அது வேற."

"வேற இல்ல" என்று போனை வைத்தவள், நான்கு நாளைக்கு அவன் அழைப்பை எடுக்கவில்லை.

வால்நட்சத்திரம் வந்த அதே ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் ஒரு விடுதியின் மாடி மண்டபத்தில் ஜெகதீஸ்வரனுக்குப் பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது. வெளியே சாரல். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்ததால் கூட்டத்தில் பாதிப்பேர் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தும்போது யாரோ செல்போனில் ஹுஸ்னா வீட்டு வீடியோவைக் காட்டினார்கள். அவர் அசரவில்லை. தன்னைத் தேடித்தான் அது வந்திருக்கிறது, வந்த இடத்தில் விலாசம் தவறிவிட்டது என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள்.

ஒரு வாரம் ஆனது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று நாற்றத்தை அள்ளிக் கிழக்கே நான்கு தெருவுக்குப் பரப்பியது. பக்கத்து வீட்டு முருகம்மாள் வத்தல் போட்டு விற்பவள். அவள் வத்தலை யாரும் வாங்கவில்லை. தெருவில் முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள், முருகம்மாள் முதல் கையெழுத்து. எட்டாம் நாள் ஹுஸ்னாவின் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. 'தங்களுக்குச் சொந்தமான வால்நட்சத்திரத்தை ஏழு தினங்களுக்குள் அப்புறப்படுத்தத் தவறினால்' என்று தொடங்கியது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

ஹுஸ்னா வாசலில் நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தாள். காது இரண்டும் சூடாகிவிட்டன. கொண்டுவந்த ஊழியரிடம், "கண்டுபிடிச்சவருன்னு பேப்பர்ல வேற பேரு போட்டிருந்துச்சே. அவருக்குக் குடுக்கலையா?" என்று கேட்டாள்.

"அது கண்டுபிடிச்சதுக்கு. இது நாறுததுக்கு. எந்த வீட்டு மேல நிக்கோ அந்த வீட்டுக்குத்தான் நோட்டீஸு."

அன்று மாலையே அவள் ஒரு மனு எழுதினாள். வால்நட்சத்திரத்தின் உரிமையாளர் ஜெகதீஸ்வரன், அவரே மைக்கில் சொல்லியிருக்கிறார், ஆகவே அப்புறப்படுத்தும் பொறுப்பு அவருடையது. பத்திரிகைத் துண்டையும் விழாவின் வீடியோவையும் இணைத்தாள். அலுவலகத்துக்கு அது நியாயமாகப் பட்டது. விசாரணைக்கு இருவரையும் அழைத்தார்கள்.

ஜெகதீஸ்வரன் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். ஹுஸ்னாவின் துப்பட்டாவிலும் அந்த வாடை ஏறியிருந்தது. அவள் எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதிகாரி பதவிசாகப் பேசினார். "ஒங்களோடதுன்னா எடுத்துட்டுப் போயிருங்க சார். காலேஜ் கிரவுண்டு பெருசாத்தான் கெடக்கு, அங்கன நிறுத்திக்கிடுங்க." கல்லூரி நிர்வாகம் முடியாது என்று முந்தின நாளே ஜெகதீஸ்வரனுக்குச் சொல்லியிருந்தது. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"நான் கண்டுபிடிக்கல சார். இந்தம்மாதான் கொண்டுவந்தாங்க. நான் அனுப்பி வச்சேன், அவ்வளவுதான்."

"அத எழுதிக் குடுத்துருங்க."

அவர் எழுதினார். நோட்டு தன்னிடம் வந்த தேதியை எழுதினார், கையெழுத்துப் போட்டார், முத்திரையும் வைத்தார். ஹுஸ்னா அதை வாங்கிப் படித்தாள். 'ஹுஸ்னா என்ற இல்லத்தரசி' என்று இருந்தது.

"இத அடிச்சிட்டு பி.எஸ்சி. இயற்பியல்னு எழுதுங்க சார்."

அவர் அடித்துவிட்டு எழுதினார். அவள் நகல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

நகலையும் பத்தொன்பது பக்கங்களையும் கண்டுபிடிப்புகளைப் பதிவுசெய்யும் வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பினாள். நாற்பது நாள் கழித்துப் பட்டியலில் பெயர் மாறியது. முன்பு முதல் பக்கத்தில் படம் போட்ட பத்திரிகை, இந்தச் செய்தியைப் பதினோராம் பக்கத்தில் நான்கு வரி போட்டது. அதிலும் ஹசீனா என்று அச்சிட்டிருந்தது. மூன்று முறை போன் செய்தாள், திருத்தம் வரவில்லை. ஜெகதீஸ்வரனின் துறையறையில் அந்தப் பொன்னாடைப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது. ஏழு தினங்களுக்குள் அப்புறப்படுத்தச் சொன்ன நோட்டீஸும் ரத்தாகவில்லை. வால்நட்சத்திரத்தை எதில் ஏற்றுவது என்று தெரியாததால் அந்தக் கோப்பு அப்படியே நிற்கிறது.

புரட்டாசியில் யஹ்யா லீவில் வந்தான். பெட்டியைக் கீழே வைத்த கையோடு மாடிக்குப் போனான். ஹுஸ்னாவும் பின்னால் ஏறினாள்.

"சின்னதா இருக்கே."

"எவ்வளவு தூரம் வந்திருக்கு. எளைச்சிருக்கும்."

அவன் அண்ணாந்தபடியே, "விட்டுருன்னு நான் சொன்னது தப்புதான்" என்றான். "தப்புதான்" என்று சொல்லிவிட்டு ஹுஸ்னா அவனுக்குச் சோறு போடக் கீழே இறங்கினாள்.

ஐப்பசியில் காற்று திசை மாறியதும் நாற்றம் அடங்கியது, அல்லது தெருவுக்குப் பழகிவிட்டது. வத்தல் மறுபடி விற்றது. ஒருநாள் முற்பகலில் முருகம்மாள் கைப்பிடிச்சுவர் ஓரம் வந்து நின்று, வாலிலிருந்து தூசி வத்தலில் விழுவதாகச் சொன்னாள். கையெழுத்துப் போட்டவள் என்பதை ஹுஸ்னா மறக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் முருங்கைக்காய் பறிக்கும் கொக்கிக் கம்பை எடுத்துவந்தாள். வாலைப் பிடித்து ஒரு முழம் தள்ளினாள். தள்ளின பக்கம் அது நகர்ந்தது.

"இன்னுங் கொஞ்சம் மேக்க, ஹுஸ்னா."

இன்னும் ஒரு முழம் தள்ளினாள்.

"போதும்."

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அன்றைய படங்களைப் பார்க்க அவள் கீழே போனாள்.