கண்ணாடி டம்ளருக்கு அடியில்

…அப்படியென்றால் இது சொறி இல்லை, சொறி என்று இனி எவனாவது சொன்னால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடலாம், ஒவ்வாமையால் வந்த ரத்தக்குழாய் அழற்சி, எவ்வளவு நீளப் பெயர், தன் பதவிக்கேற்ற நோய்தான் வந்திருக்கிறது என்ற திருப்தியோடு மேலாளர் இரண்டு தலையணைமேல் கால்களைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார், போனில் மைத்துனனிடம் இதை ஒரு சொற்பொழிவாகவே ஆற்றியிருந்தார், தோலுக்குள் ஓடும் சின்னஞ்சிறு ரத்தக்குழாய்கள் வீங்கி, ரத்தம் கசிந்து, முழங்காலுக்குக் கீழே செந்நீலப் புள்ளிகளாக நிற்கிறது என்று, அவனோ முழுக்கக் கேட்டுவிட்டு, "அரிக்குதா மாப்ள?" என்றான், மடையன்… அரிக்கத்தான் செய்தது, அதை அவனிடம் சொல்வானேன்?

சளிக்குத் தானாகவே வாங்கி விழுங்கிய மாத்திரையால் வந்த வினை, அதை எதிரி என்று நினைத்து உடம்பு படை திரட்டியதாம், வந்த படை சொந்த வீட்டுச் சுவரையே இடித்துவிட்டதாம், டாக்டரம்மா அப்படித்தான் விளக்கினாள், "ஒரு மாத்திரைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று இவர் சிரிக்க, பக்கத்தில் நின்ற மனைவி, "இவரோட உடம்பாச்சே டாக்டர்" என்றாள், ஆபீசில் ஒரு டீ கப் காணாமல் போனதற்கு விசாரணைக் குழு போட்டவர் மருந்துச் சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார், மாத்திரையை நிறுத்தியாயிற்று, சிறுநீரைச் சோதித்து, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லியாயிற்று, அப்போது மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாளே, அது எதற்கு?

அன்றிலிருந்து காலையில் கண்ணாடி டம்ளரோடு கட்டில் ஓரத்தில் வந்து உட்காருகிறாள், புள்ளிமேல் வைத்து அழுத்துகிறாள், வெறும் சிவப்பாக இருந்தால் அழுத்தினால் மறையும், கசிந்த ரத்தம் மறையாது, இதற்காகக் குனியும்போது அவள் தலைமுடியில் சோப்பு வாசம், ஒரு கை இவர் குதிகாலைத் தாங்கிக்கொண்டிருக்கும், இவ்வளவு பக்கத்தில் அவள் கடைசியாக எப்போது… சாவி எங்கே, கேஸ் வந்ததா, லைட்டை அணை, இதைத் தவிர இந்த வீட்டில் என்ன பேசினார்கள்? புள்ளிகள் பழுப்பாகி, மங்கி, நேற்று கணுக்காலில் ஒன்றே ஒன்று மிச்சம், இன்று குளிக்கும்போது பார்த்தார், அதுவும் இல்லை, சந்தோஷப்பட வேண்டியதுதானே, பிறகு ஏன் திருட்டுப்பயல் மாதிரி போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்?

"காட்டுங்க."

"கணுக்கால் பக்கம் ஒண்ணு இருக்கோ என்னவோ…"

போர்வையை விலக்கினாள், அழுத்தினாள், டம்ளர் வழியாக நெடுநேரம் பார்த்தாள், "ம்… இருக்கு. நாளைக்கும் பாத்துடலாம்" என்று எழுந்து போனாள், இவர் எட்டிக் காலைப் பார்த்தார், டம்ளர் விளிம்பு பதிந்த வட்டம், அதற்குள் வெறும் தோல், அவளுக்குப் பார்வை மங்கியிருக்குமோ, சே, நேற்றுத்தானே ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தாள்… அப்படியானால்… அவர் காலை மறுபடி தலையணைமேல் ஒழுங்காக வைத்துக்கொண்டார்.